பிரிக்ஃபீல்ட்ஸில் பலகை வீடுகள் எரிந்த பகல்

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் காலத்தில் 'பயர்மேன்' என்றால் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர் என்றுதான் அர்த்தம். நான் பயர்மேன் என்று யாரிடமாவது சொன்னால், "எந்த வண்டி? கிள்ளான் போறதா, ஈப்போ போறதா?" என்று கேட்பார்கள். என் வண்டி தண்டவாளத்தில் ஓடாது, மணியடித்துக்கொண்டு ரோட்டில் ஓடும் என்று விளக்குவேன். "ஓ, பொம்பாவா?" என்பார்கள். தீயணைப்புப் படைக்கு மலாயில் அதுதான் பெயர். அதற்குமேல் பேச்சு வளராது. தீயணைப்பு வேலையில் தமிழர்கள் குறைவு. எங்கள் நிலையத்தில் நான் ஒருவன்தான்.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருடங்கள் அவை. கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் நான் சிறுவனாக இருந்தபோதே காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணனும் அண்ணியும் வளர்த்தார்கள். தோட்டத்தில் ஆள் குறைக்க ஆரம்பித்தபோது அண்ணன் குடும்பத்தையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். நான் அதற்கு முன்பே கோலாலம்பூருக்கு வந்து வேலையில் சேர்ந்திருந்தேன். துறைமுகத்தில் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு வேலை இருக்கு. நீ இங்கயே இரு. நாங்க போய்ப் பாத்துட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். அண்ணனின் சின்னப் பெண் என் விரலை விடாமல் அழுதாள். அண்ணி அவளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி எனக்கு எந்தச் சேதியும் வரவில்லை. அண்ணன் நான் பார்த்தறியாத ஊரில் இருந்தார். அந்த ஊரின் பெயரைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.

நிலையத்தின் மாடியில் கல்யாணம் ஆகாதவர்களுக்கு ஒரு நீண்ட அறை. பின்பக்கம் குடும்பக்காரர்களுக்கு வரிசை வீடுகள். மாடியில் என்னோடு இருந்தவர்கள் மலாய்க்காரர்கள், சில பஞ்சாபியர்கள். எல்லாரும் நல்லவர்கள். வேலைக்குரிய மலாய் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் வேலை முடிந்த பிறகு அவரவர் பாஷையில் பேசிச் சிரிக்கும்போது நான் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பேன். சில நாட்கள் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே கழிந்துவிடும். அதைக் கவனித்தபோது, கிழங்கு விற்க வரும் அம்மாவிடம் வேண்டுமென்றே விலை கேட்க ஆரம்பித்தேன். அவள் சொல்லும் விலை சரிதான். பேச்சுக்காகவே கேட்டேன்.

என் ஜோடி ஒரு மலாய்க்காரர். காஜாங்கில் பிறந்தவர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அவரை 'அபாங்' என்று கூப்பிடுவேன், அவர்கள் பேச்சில் அண்ணன் என்று பொருள். எங்கள் வேலையில் ஜோடி முக்கியம். புகைக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது என்பது முதல் விதி. முன்னால் போகிறவன் குழாயின் பித்தளை முனையைப் பிடித்திருப்பான். பின்னால் வருகிறவன் அவனுடைய இடுப்பு வாரைப் பிடித்திருப்பான். ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு இழுப்பு என்றால் திரும்பு. எது நடந்தாலும் குழாயைக் கைவிடக்கூடாது. கண் தெரியாத இடத்தில் வந்த வழியைச் சொல்வது அது ஒன்றுதான். நிமிரக்கூடாது, தரையோடு தரையாகத் தவழ வேண்டும். மூச்சு முட்டினால் முகத்தைக் குழாய் முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், பாயும் தண்ணீரோடு கொஞ்சம் நல்ல காற்றும் இழுபட்டு வரும். சூடேறிய அறைக்குள் கண்டபடி தண்ணீர் அடிக்கக்கூடாது, ஆவியாகி நம்மையே வேகவைத்துவிடும். இதையெல்லாம் தினமும் மைதானத்தில் வைத்து, வாயால் சொல்லச் சொல்லிப் பழக்கினார்கள்.

சொல்லித் தராத ஒன்று சூடு. நெருப்பின் சூட்டைச் சொல்லவில்லை. உடம்புக்குள்ளேயே தேங்கிப்போகும் சூட்டைச் சொல்கிறேன். எங்கள் மேல்சட்டை தடித்த கம்பளித் துணி. குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காக யோசித்துத் தைத்தது. கழுத்துவரை பித்தானைப் போட்டு, அகலமான தோல் வாரைக் கட்டி, பித்தளைத் தொப்பியையும் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாலே தலை சுற்றும். தீ பட்டால் தோலைக் காப்பாற்றும் சட்டைதான். ஆனால் உள்ளே ஊறும் வியர்வைக்கு வெளியேற வழியே இருக்காது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற வேலையில் இருந்தும், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

அந்த ஆண்டு மழை தவறியிருந்தது. லாலாங் புல் காய்ந்து தானாகவே பற்றிக்கொண்டது. தெருக்குழாய்களில் தண்ணீர் நூலாக வந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் நகரத்துக்கு வடக்கே ஒரு ரப்பர்ப் புகைக் கொட்டகைத் தீக்குப் போயிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் மணி அடித்தது. பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் பட்டறைக்குப் பின்னால், பலகை வீடுகளின் வரிசை ஒன்று எரிகிறது என்றார்கள். நானும் அபாங்கும் மிச்சமிருந்தவர்களும் வண்டியில் தொற்றிக்கொண்டோம். எங்கள் துரை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் மலாய் நன்றாகப் பேசுவார். கத்தமாட்டார்.

பாலத்தைத் தாண்டும்போதே புகை தெரிந்தது. நீளமான ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள். ரயில் வேலைக்காரர்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். கடைசி வீட்டு அடுப்படியில் பிடித்த தீ அந்த வீட்டைத் தின்றுவிட்டு அடுத்த வீட்டின் கூரைக்குள் புகுந்திருந்தது. ரோட்டில் பெட்டியும் பாயும் சாமி படமும் கோழிக்கூடையும் கிடந்தன. பெண்கள் தெருக்குழாயிலிருந்து மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீர் பிடித்து, கை மாற்றி, இன்னும் பற்றாத வீடுகளின் சுவர்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்ச் சனங்கள் இருக்கும் இடத்தில் விசாரிக்கிற வேலை எப்போதும் என்னுடையது. இரண்டாவது வீட்டுக்காரி யார் என்று கேட்டேன். டின் வரிசையில் நின்ற ஒரு பெண் திரும்பினாள். முப்பது வயது இருக்கலாம். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா அக்கா?"

"எம் புள்ளைங்க வந்துட்டாங்க தம்பி. பின் அறையில ஒருத்தரு குடியிருக்காரு. ராத்திரி வேலை பாக்குறவரு, பகல்ல தூங்குவாரு."

"இப்ப இருக்காரா?"

"அதான் தெரியல. காலையில வந்தாரு. சாப்பிடப் போனாரா, தூங்குறாரான்னு நான் கவனிக்கல. கதவு சாத்தியிருக்கு. கத்திப் பாத்தேன், பதில் இல்ல. அவரு தூங்கினா செத்த பொணம் மாதிரிதான்."

துரையிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார். தகரம் நெளிய ஆரம்பித்திருந்தது. பிறகு என்னையும் அபாங்கையும் பார்த்தார். "ஒரு குழாய், நீங்கள் இரண்டு பேர். நான் விசில் ஊதினால் அந்த நிமிடமே வெளியே வர வேண்டும். ஆள் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி" என்றார்.

நனைத்த துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசலில் மண்டியிட்டோம்.

உள்ளே போனதும் வெளியில் கேட்ட சத்தமெல்லாம் நின்றுவிட்டது. இரைச்சல் இருந்தது, அது கூரையின் இரைச்சல். தகரத்தில் அடித்த ஆணிகள் படபடவென்று தெறித்தன. முன்னறையைத் தாண்டும்போது என் காதுகள் எரிந்தன. தொப்பியின் பித்தளை நெற்றியில் பட்ட இடம் சுட்டது. தரைப் பலகையைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்து நகர்ந்தேன். அபாங்கின் கை என் இடுப்பு வாரில் இருந்தது. அந்தக் கையைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இல்லாதது போலிருந்தது.

பின் அறைக் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, கொதிக்கவில்லை. உள்ளே தீ இல்லை என்று தெரிந்தது. தள்ளினேன், திறக்கவில்லை. "அடா ஓராங்!" என்று கத்தினேன். ஆள் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளிருந்து தாழ் போட்டிருக்கிறார் என்றே நினைத்தேன். அபாங் கோடரியால் கீல் பக்கம் வெட்டினார். கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அபாங் குழாயோடு வாசலிலேயே இருந்துகொண்டார். என் இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் நுனி அவர் கையில். நான் இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டே தவழ்ந்தேன். மரக்கட்டில் ஒன்று தட்டுப்பட்டது. கையை மேலே கொண்டுபோனேன். போர்வை. போர்வைக்கு அடியில் நீளமாக, உருண்டையாக, மெத்தென்று ஓர் உடம்பு.

"அண்ணே! எழுந்திரிங்க அண்ணே!"

அசைவில்லை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். கனமே இல்லாமல் மார்பின் மேல் வந்து விழுந்தது. இந்த நாட்டில் பலரும் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிற நீளத் தலையணை. அதை நான் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு தூக்கி எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் துழாவினேன். பயந்தவர்கள் அங்கேதான் போய் ஒளிவார்கள். ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஜோடிச் செருப்பும் கைக்கு வந்தன. மூலை மூலையாகத் துழாவினேன். செருப்பு இருக்கிறதே, ஆள் எங்கே என்ற கேள்வி என்னைப் போட்டு உலுக்கியது.

விசில் கேட்டது. கயிறு இரண்டு முறை வெடுக்கென்று இழுபட்டது. நான் அசையவில்லை. இன்னும் ஒரு மூலை பாக்கி. மூன்றாவது இழுப்பு என்னைத் தரையில் சாய்த்து வாசலுக்குக் கொண்டுவந்தது. அபாங் என் கழுத்துப்பட்டையைப் பிடித்து, "கெலுவார்! கெலுவார்!" என்று கத்தினார். வெளியே போ என்று அர்த்தம். குழாயைத் தடவிக்கொண்டே வெளியே வந்து விழுந்தோம். நாங்கள் வந்த சிறிது நேரத்தில் பின்பக்கக் கூரை உள்ளே இறங்கியது.

அந்தப் பெண் ஓடிவந்தாள். "அறையில இல்லக்கா" என்றேன்.

"அப்ப எங்க போனாரு?"

யாருக்கும் தெரியவில்லை. ஒரு மனிதனை உள்ளே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றே என் மனம் சொன்னது.

துரை எங்களைச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னார். நிழல் என்று ஒன்றும் இல்லை. வண்டியின் சக்கரத்தோடு ஒட்டி உட்கார்ந்தோம். பித்தானைக் கழற்ற விரல் வரவில்லை. அதற்குள் காற்று திரும்பி, தீ மூன்றாவது வீட்டைப் பிடித்தது. கையில் இருந்த ஆட்கள் போதவில்லை. துரை எங்கள் பக்கம் பார்த்தார், கூப்பிடவில்லை. நாங்களாகவே எழுந்தோம்.

"போலே?" என்று அபாங் கேட்டார். முடியுமா என்று.

"போலே" என்றேன்.

பின்பக்கச் சந்தில் குழாயை இழுத்துக்கொண்டு போனோம். ஒரு பக்கம் எரியும் பலகைச் சுவர், மறுபக்கம் பட்டறையின் செங்கல் மதில், தலைக்கு மேலே நடுப்பகல் சூரியன். அங்கே நின்று தண்ணீர் அடித்தோம். முதலில் தலை வலித்தது. பிறகு வாந்தி வருவது போலிருந்தது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. எனக்குக் குளிர்ந்தது. முகத்தைத் தொட்டேன், வியர்வையே இல்லை, காய்ந்த காகிதம் போலிருந்தது. நல்லவேளை, சூடு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சந்தின் கடைசியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கப்பல் கிளம்பப் போகிறது, சீக்கிரம் வா என்று கையாட்டினார்.

இதற்குமேல் நடந்ததை அபாங் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் திரும்பி அவரிடம் தமிழில் பேசினேனாம். அத்தனை வருடப் பழக்கத்தில் ஒருநாளும் நான் அவரிடம் தமிழில் பேசியதில்லை. கோபமாக இல்லாமல், வீட்டு ஆளிடம் பேசுவது போல, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தேனாம். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் ஏதோ பெரிய கோளாறு என்று மட்டும் புரிந்துவிட்டது. குழாய் முனையை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஆள் கூப்பிட்டார். அதற்குள் நான் மரம் மாதிரி சாய்ந்துவிட்டேன்.

என்னைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். புகையில் மயங்கிவிட்டான் என்று நினைத்து விசிறினார்களாம். அப்போது அந்த இரண்டாவது வீட்டுப் பெண் டின் வரிசையை விட்டு வந்தாள். என் நெற்றியில் கை வைத்தவள் கையை உதறினாளாம். "பூக்கா பாஜு! பூக்கா பாஜு!" என்று அபாங்கைப் பார்த்துக் கத்தினாள். சட்டையைக் கழற்று என்று. பித்தான் வரவில்லை, அபாங் கத்தியால் கிழித்தார். அவள் கையிலிருந்த டின் தண்ணீரை என் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினாள். அடுத்த டின்னையும் வாங்கி ஊற்றினாள்.

வரிசையில் நின்ற இன்னொரு பெண் அலறியிருக்கிறாள். "எங்க வீடு பத்திக்கப் போவுது, நீ அந்த ஆளுக்கு ஊத்துறியே!"

"உங்க வீட்டுக்கு அவங்க கொழா புடிச்சிருக்காங்க. இந்தத் தண்ணி இங்க வரட்டும். விடாம அனுப்பு!"

வரிசை அப்படியே என் பக்கம் திரும்பியதாம். பெண்கள் டின் டின்னாக ஊற்றினார்கள். யாரோ ஒரு கிழிந்த சேலையை நனைத்து என் மேல் போர்த்திவிட்டு இரண்டு பக்கமும் நின்று முறத்தால் விசிறினார்கள். துரை பக்கத்து ஐஸ் கிடங்குக்கு ஆள் அனுப்பினார். அந்தப் பெண்ணின் வீடு அவள் முதுகுக்குப் பின்னால் முழுசாக எரிந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று அபாங் சொன்னார். அவளுக்கு அடுத்த வீடும் போனது. மீதி வரிசை தப்பியது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். அக்குளில் ஐஸ் பை. நாக்கு மரக்கட்டையாக இருந்தது. முதலில் வந்த நினைவு அந்த அறையின் துழாவாத மூலைதான். அங்கேதான் அவர் கிடந்திருக்க வேண்டும், ஒரு கை தூரத்தில் விட்டுவிட்டேன் என்று படுத்தபடியே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மருந்து கொடுக்க வந்தவருக்குத் தமிழ் தெரிந்தும் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மாலையில் பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டு. தூக்குச்சட்டிகளோடு சனங்கள் வந்து ஒவ்வொரு கட்டிலாகச் சூழ்ந்துகொள்வார்கள். சோற்று வாசனை வரும், குழம்பு வாசனை வரும். என் கட்டிலுக்கு ஒருவரும் வரவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எனக்கும் ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். அன்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே அதைச் சாப்பிட்டேன்.

அபாங்குக்கு முறை ஓய்வு கிடைத்ததும் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். "அந்த ஆள் உயிரோடு இருக்கிறான். காப்பிக்கடையில் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறான். எல்லாம் அணைந்த பிறகு நடந்து வந்தான். வெறுங்காலோடு. வீடு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்."

"கதவு உள்ளே தாழ் போட்டிருந்ததே?"

"இல்லை. வெளியே பூட்டியிருந்தது. நாம் கீல் பக்கம் வெட்டினோம், பூட்டு மறுபக்கம் இருந்தது. சாம்பலில் கிடைத்தது, பூட்டியபடியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அபாங்கும் சிரித்தார். பிறகு நான் அழுதேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. அவர் காப்பிக்கடையில் தூங்கினாரே, அதற்காக அந்தக் கடைக்காரனுக்குக்கூட நன்றி சொல்லலாம் போலிருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, எனக்குத் தெரியாத ஒருவர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். நகக்கண்ணெல்லாம் கரி. கையில் ஒரு போத்தல் பார்லித் தண்ணீர்.

"நானும் பயர்மேன்தான்" என்றார். "இது எஞ்சினு. ஒம் மேல தண்ணி ஊத்தினது எஞ் சம்சாரம்."

எழுந்து உட்காரப் பார்த்தேன். தோளை அழுத்திப் படுக்கவைத்தார். அன்று அவர் வண்டியோடு கிம்மாஸ் பக்கம் போயிருந்தாராம். திரும்பி வந்து இறங்கியபோது வீடு இல்லை.

"அண்ணே, உங்க வீடு..."

"வாடகை வீடுதானே. புள்ளைங்க நல்லாருக்கு." போத்தலை என் தலைமாட்டில் வைத்தார். "எனக்கும் ஒருக்கா இப்பிடித்தான் ஆச்சு. பாய்லர் முன்னாடி நின்னு நின்னு, வேர்வையே வத்திப்போயி, வீட்டு வாசல்ல வந்து உழுந்தேன். அவதான் தண்ணி ஊத்தி எழுப்பினா. அதான் ஒன்னத் தொட்டதும் அவளுக்குப் புரிஞ்சிருக்கு."

ரவாங்குக்கு மாற்றல் கேட்டிருப்பதாகவும், அங்கே குடியிருக்க இடம் கிடைக்கும் என்றும் சொன்னார். "ஒடம்பு தேறினதும் வா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்லித் தண்ணீரில் உப்பும் போட்டிருந்தார்கள். அவ்வளவு ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

டாக்டர் என்னை விட்டபோது, இனிமேல் தீக்குள் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஒருமுறை இப்படிச் சுருண்டவனுக்கு அடுத்த முறை சீக்கிரமே வந்துவிடும் என்றார். துரை என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். எந்த வீட்டுக்கு? அவர் என்னை மணி அறையில் போட்டார். டெலிபோன் வந்தால் எடுப்பது, இடம் கேட்பது, மணி அடிப்பது, பெரிய கதவைத் திறந்துவிடுவது. அவ்வளவுதான் வேலை.

கஷ்டமில்லாத வேலை. ஆனால் மணி அடித்ததும் மாடியிலிருந்து எல்லாரும் தடதடவென்று இறங்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். வண்டி உறுமிக்கொண்டு வெளியே போகும். என் இடத்தில் வேறொருவன் அபாங்குக்கு முன்னால் நிற்பான். மணிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனதும் நான் கதவைச் சாத்துவேன். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு மட்டும் இருக்கும். அவர்கள் திரும்பி வரும்வரை அந்தக் கொட்டகைக்குள் என் இருமல்கூட எதிரொலிக்கும்.

துரை சில காரியங்களை மாற்றினார். வெயில் காலத்தில் கம்பளிச் சட்டைக்குப் பதிலாக மெல்லிய காக்கித் துணி வந்தது. வண்டியில் குடிதண்ணீர்ப் பீப்பாய் ஒன்றைக் கட்டினார்கள். அதை நிரப்பி உப்புப் போடுவது என் பொறுப்பு. உள்ளே போய் வந்த ஜோடி நிழலில் உட்கார்ந்து ஆறாமல் மறுபடி குழாயைத் தொடக்கூடாது, எவ்வளவு ஆள் குறைந்தாலும் சரி என்றார். இன்னொன்று அபாங்காகவே ஆரம்பித்தது. வெளியே வரும் ஒவ்வொருவனையும் பிடித்து நிறுத்தி, "உன் பேரென்ன? இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பார். பதில் மலாயில் ஒழுங்காக வராவிட்டால் உடனே சட்டையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றச் சொல்வார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைக் கேலி செய்தார்கள். ஆனால் வாய் குழறிய ஒரு பஞ்சாபிக்காரரை அவர் அப்படிப் பிடித்து உட்காரவைத்த பிறகு யாரும் கேலி செய்யவில்லை.

மழை வந்து ஊர் குளிர்ந்த பிறகு ஒரு ஓய்வு நாளில் ரவாங்குக்கு ரயிலேறினேன். பிள்ளைகளுக்கு மிட்டாயும் அந்த அக்காவுக்கு ஒரு சேலையும் வாங்கியிருந்தேன். அவர்கள் இருந்தது தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சின்ன வீடு. கூரை இதுவும் தகரம்தான். அவர் பகல் வண்டிக்குப் போயிருந்தார், சீக்கிரம் வந்துவிடுவார் என்றாள். என்னை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "கண்ணு தொறந்திருக்கப் பாத்ததில்லையே!" என்று சிரித்தாள். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எதுக்கு இதெல்லாம்" என்று மடித்து வைத்தாள்.

வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு போனவன் நான். எதிரே உட்கார்ந்த பிறகு ஒன்றும் வரவில்லை. நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம். மழை அதிகம், ஆமா அதிகம். பிள்ளைகள் மிட்டாயை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒரு சரக்கு வண்டி வீடே அதிரும்படி போனது. இருவரும் அது போய் முடியும்வரை காத்திருந்தோம்.

"ஒன்னை வீட்டுல யாரு பாத்துக்குறாங்க தம்பி?" என்று கேட்டாள்.

"அண்ணன், அண்ணி இருக்காங்கக்கா. அண்ணன் மக ஒண்ணு இருக்கு, என்னை விடாது" என்றேன்.

"அப்ப நல்லது" என்றாள். உண்மையாகவே நிம்மதியானாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

அவள் கணவர் வந்ததும் சாப்பிட வைத்தார்கள். பிறகு அவர் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடக்கும்போது வண்டிகளைப் பற்றியே பேசினார். எந்த எஞ்சின் முரடு, எந்த ஏற்றத்தில் கரி அதிகம் தின்னும் என்று. எனக்குக் கேட்டுக்கொண்டு நடப்பது பிடித்திருந்தது. தமிழில் ஒருவர் இவ்வளவு நேரம் என்னிடம் பேசி நெடுநாள் ஆகியிருந்தது. ரயில் வந்தபோது, "அடுத்த தடவை அண்ணன் மகளையும் கூட்டிட்டு வா" என்றார். வருகிறேன் என்றேன். அதனால்தான் நான் மறுபடி போகவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியபோது இருட்டவில்லை. பெரிய கதவு திறந்துகிடந்தது, வண்டி இல்லை. மணி அறையில் எனக்குப் பதிலாக இருந்தவன், செலாயாங் பக்கம் ஒரு மரக்கிடங்கு எரிகிறது என்றான். அவனை அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். பின்பக்க வீட்டில் அபாங்கின் மனைவி குழந்தைகளைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. டெலிபோன் அடிக்கவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வந்து நின்றதும் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாரும் இறங்கினார்கள். அபாங் கடைசியாக இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அவர் பின்பக்கம் போனார். நான் பீப்பாயை இறக்கி நிரப்ப ஆரம்பித்தேன்.